நல்லதங்காள் முதல் 'மனம் போல வாழ்வு' வரை: ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் தமிழ்க் குடும்ப வாசிப்பு நூல்களும்

குடும்ப வாசிப்பு நூல்கள் என்பவை வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்பதற்காகவோ, வீட்டார் அனைவரும் கைமாற்றிப் படிப்பதற்காகவோ பயன்பட்ட நூல்கள். தன்முன்னேற்ற நூல்கள் என்று இன்று புத்தகக் கடைகளில் தனி அலமாரியில் வைக்கப்படுபவை தனி ஒருவர் தமக்காகப் படிப்பவை. தமிழில் இவ்விரண்டும் தொடக்கத்தில் வேறு வேறாக இருக்கவில்லை. வாழ்க்கையை எப்படி நடத்துவது என்பதைத் திண்ணையிலும் கூடத்திலும் கூடிக் கேட்ட புத்தகங்களிலிருந்தே மக்கள் அறிந்தார்கள். இவை பிரிந்த வரலாற்றுக்குள் ஒரு பழைய வழக்கும் இருக்கிறது. ஒருவருக்கு வரும் துன்பம் அவரால் வந்ததா, காலத்தாலும் பிறராலும் வந்ததா என்பதே அந்த வழக்கு.

அர்ச்சுனாபுரத்துக் கதை

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பிலிருந்து சதுரகிரி மலையேறும் தாணிப்பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது மகாராஜபுரம். (கர்நாடக இசையுலகில் புகழ்பெற்ற மகாராஜபுரம் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தது, இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) இதே வத்திராயிருப்பு வட்டாரத்தில்தான் அர்ச்சுனாபுரம் உள்ளது. நல்லதங்காள் கோயிலும், அவள் தன் பிள்ளைகளோடு விழுந்து மாண்டதாகச் சொல்லப்படும் கிணறும் அங்கே இருக்கின்றன.

நல்லதங்காள் மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே பல ஆண்டுகள் மழை பொய்த்துப் பஞ்சம் வருகிறது. விற்க எதுவும் மிஞ்சாத நிலையில், ஏழு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பிறந்த ஊரான அர்ச்சுனாபுரத்துக்கு நடந்தே வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு வேண்டாவெறுப்பாக உள்ளே விட்டு, ஓட்டைப் பானையும் பச்சை விறகும் கொடுத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பிள்ளைகளின் பசியைப் பார்க்க முடியாத தாய் அவர்களை ஒவ்வொருவராகக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். திரும்பி வந்த அண்ணன் மனைவியைப் பழிவாங்குகிறான். சிவபெருமான் அருளால் மாண்டவர்கள் எழுவதாக முடியும் அச்சுப் பதிப்புகளும் உண்டு. ஆனால் கேட்டவர்கள் மனத்தில் நின்றது கிணறுதான்.

இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைத்துக்கொள்ள 1835-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதுபோன்ற கதைப்பாடல்கள் மலிவுப் பதிப்புகளாக வரத் தொடங்கின. இவற்றையே மக்கள் 'பெரிய எழுத்துப் புத்தகம்' என்றார்கள். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, மதுரைவீரன் கதை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் இந்த வரிசையில் வந்தவை. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் போன்ற பதிப்பகத்தார் அச்சிட, சந்தையிலும் திருவிழாக் கடையிலும் இவை விற்றன.

எழுத்து ஏன் பெரிதாக இருந்தது? சிம்னி விளக்கின் வெளிச்சத்தில், கண் மங்கிய பெரியவர்களும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவர்களும் படிக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1911-ஆம் ஆண்டில்கூட எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் இல்லை. பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. எனவே ஒரு தெருவுக்கு ஒரு புத்தகமும், அதைப் படிக்க ஒரு வாயும் இருந்தாலே போதும். படிப்பவர் ராகம் போட்டுப் படிப்பார். கேட்பவர்கள் அழவேண்டிய இடத்தில் அழுவார்கள். மழை பெய்யாவிட்டால் பாரதத்தில் விராட பருவத்தைப் படிக்கச் செய்வது தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்த வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களும் மார்கழியில் வீட்டாரோடு சேர்ந்து சொல்லப்பட்டு வந்தன. வாசிப்பு என்பது பெரும்பாலும் கூட்டுச் செயலாகவே இருந்தது.

நல்லதங்காள் கதையை வெறும் ஒப்பாரி என்று ஒதுக்குவது சரியல்ல. பிறந்த வீட்டில் பெண்ணுக்கு என்ன உரிமை, பஞ்ச காலத்தில் உறவு எதுவரை தாங்கும், கதவைச் சாத்துகிறவர் யார் என்ற கேள்விகளை அது வீட்டுக்குள்ளேயே எழுப்பியது. கேட்கும் கூட்டத்தில் நாத்தனாரும் இருப்பாள், அண்ணியும் இருப்பாள். எந்த அறிவுரை நூலும் இவ்வளவு நேராக ஒரு குடும்பத்தின் முன் போய் நின்றதில்லை.

பென்னிங்டன் நூலகம்

அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் ஒரு பொது நூலகம் தோன்றியது. மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய ஜே.பி. பென்னிங்டன் பெயரால் அது பென்னிங்டன் நூலகம் என வழங்குகிறது. தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று இது. சென்னையின் கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1896-இல்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தலைநகருக்கு இருபத்தோராண்டு முன்பே ஒரு கோயில் ஊர் இந்த வேலையைச் செய்திருப்பது தெரியும்.

நூலகம் தொடங்கிய அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென்னிந்தியாவை 1876 முதல் 1878 வரை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நல்லதங்காள் கதையைக் கேட்ட தலைமுறைக்குப் பஞ்சம் பழங்கதை அல்ல.

நீதிபதி எழுதிய வீட்டு நூல்

பழைய நீதி நூல்கள் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்யப்பட்டன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பிள்ளைகளுக்கு எழுத்தோடு சேர்ந்து வந்தன. இந்த மரபைத் தம் காலத்துக் குடும்பத்துக்கு ஏற்பப் புதுப்பித்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). அவருடைய 'நீதிநூல்' 1859-இல் வெளிவந்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் மனைவி ஆகியோர் நடந்துகொள்ள வேண்டிய முறையை அது பாடியது. கைக்கூலி எனப்பட்ட லஞ்சத்தைக் கண்டிக்கும் பகுதியும் அதில் உண்டு. நீதிமன்றத்தில் தினமும் பார்த்ததை ஒருவர் செய்யுளாக்கினால் இப்படித்தான் இருக்கும்.

அதே 1859-இல் லண்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்' வெளியாகி, ஓராண்டுக்குள் இருபதாயிரம் படிகள் விற்றது. தன்முன்னேற்ற நூல் என்ற வகைக்கே பெயர் கொடுத்த நூல் அது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஸ்மைல்ஸ் உழைப்பால் உயர்ந்த தனி மனிதர்களை, பொறியாளர்களையும் கண்டுபிடிப்பாளர்களையும், எடுத்துக்காட்டினார். வேதநாயகர் உறவுகளை எடுத்துக்கொண்டார். அவர் கண்ட வளர்ச்சி வீட்டுக்குள் நிகழ்வது. பெண் கல்வியை வற்புறுத்தி 1869-இல் 'பெண்மதி மாலை'யும், தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இலும் அவர் வெளியிட்டார். நாவலில் கணவனைவிட மனைவி ஞானாம்பாளே அறிவாளி. வாய்விட்டுச் சிரித்துப் படிக்கத்தக்க முதல் தமிழ் உரைநடை நூல் அதுவே எனலாம்.

சிறையிலிருந்து வந்த நூல்

தனி மனிதரின் மனத்தை மட்டுமே பேசும் புதுவகை நூலைத் தமிழில் முதலில் ஊன்றியவர்களில் முதன்மையானவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை (1872–1936). கப்பலோட்டிய தமிழர் என்றே மாணவர்கள் அவரை அறிவர். அவர் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கியவர் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு போய்விடுகிறது.

ஜேம்ஸ் ஆலன் (1864–1912) இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே இறந்துவிட, பதினைந்து வயதிலேயே படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர். அவருடைய 'ஆஸ் எ மேன் திங்கெத்' 1903-இல் வெளிவந்தது. ஏழே இயல்கள் கொண்ட சிறு நூல். மனிதனின் குணம், சூழ்நிலை, உடல்நலம், சாதனை எல்லாமே அவன் எண்ணங்களின் விளைவு என்பது அதன் கருத்து.

வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியவர். போட்டிக்கு நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது என்பர். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டுகள், விதித்தார். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனநிலை பிறழ்ந்தது. பின்னர் அது சரியாகவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்கு முன் 1911-லேயே கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது.

'மனம் போல வாழ்வு' 1909-இல் வெளிவந்தது. நூலாசிரியர் அப்போது சிறையில் இருந்தார்.

இங்கேதான் இந்த வரலாற்றின் கடினமான கேள்வி எழுகிறது. எண்ணத்தின் விளைவே சூழ்நிலை என்று சொல்லும் ஒரு நூலை, தன் சூழ்நிலையை ஓர் அரசும் ஓர் அந்நியக் கம்பெனியும் சேர்ந்து அழித்ததைக் கண்ணால் கண்டவர் ஏன் மொழிபெயர்த்தார்? செக்கு இழுத்தது அவர் எண்ணத்தின் குற்றமா?

அவருடைய பிற்கால நூல்களோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. ஆலனின் மற்ற நூல்களையும் அவர் விடவில்லை. 'அகமே புறம்' 1914-இலும், 'வலிமைக்கு மார்க்கம்' 1916-இலும், 'சாந்திக்கு மார்க்கம்' 1934-இலும் வந்தன. இடையில் 'மெய்யறம்', 'மெய்யறிவு' ஆகிய தம் சொந்த நூல்களை வெளியிட்டார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையையும் 1917-இல் பதிப்பித்தார். 'மெய்யறம்' மாணவர், இல்வாழ்வு, அரசு, அந்தணர், மெய் என ஐந்து இயல்களாக 125 அதிகாரங்கள் கொண்டது. ஒரு மனிதன் மாணவனாக இருந்து, இல்லறத்தில் நின்று, நாட்டின் ஆட்சியைப் பற்றியும் சிந்தித்து, அதன்பிறகே மெய்யைத் தேட வேண்டும் என்ற வரிசை இதில் தெரிகிறது. ஆலனிடம் இல்லாத குடும்பத்தையும் அரசையும் வ.உ.சி. தம் நூலில் சேர்த்துக்கொண்டார். ஆலனை அவர் விட்ட இடத்திலிருந்து நிரப்பியவர் என்று சொன்னால் மிகையாகாது.

சிறைக்குள் இருப்பவருக்கு ஆலனின் கருத்து வேறு பொருள் தந்திருக்கவும் கூடும். உடலை அரசு எடுத்துக்கொண்டது. தொழிலைப் போட்டிக் கம்பெனி எடுத்துக்கொண்டது. வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. மிச்சம் இருந்தது மனம் ஒன்றே. அது தன் ஆட்சியில் இருக்கிறது என்று ஒரு புத்தகம் சொன்னால், அது அவருக்கு ஏழ்மையின் காரணத்தை விளக்கும் கொள்கையாகப் பட்டிராது. பிடித்துக்கொள்ளும் கொம்பாகவே பட்டிருக்கும்.

அவர் வைத்த தலைப்புகளையும் பார்க்க வேண்டும். 'மனம் போல மாங்கல்யம்' என்பது வீட்டில் பெரியவர்கள் சொல்லும் வாழ்த்து. அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் மாற்றியதுபோல் 'மனம் போல வாழ்வு' அமைந்தது. அகம், புறம் என்பது சங்க இலக்கியத்தின் பாகுபாடு. 'அகமே புறம்' என்றதும் தமிழ் படித்தவர் காதில் வேறொரு மணி அடிக்கும். ஆங்கிலத் தலைப்புகளை அப்படியே பெயர்த்திருந்தால் இந்த நூல்கள் தமிழ் வீட்டுக்குள் இவ்வளவு எளிதாக நுழைந்திரா.

விடுதலைக்குப் பின் அவர் வாழ்வு செழிக்கவில்லை. சென்னையில் கடை வைத்தும் பிற வேலைகள் பார்த்தும் குடும்பத்தைக் காத்தார். பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். மனம் போல வாழ்வு அமையும் என்ற நூலைத் தமிழருக்குத் தந்தவருக்கு வாழ்வு அப்படி அமையவில்லை. இதை அந்த நூலுக்கு எதிரான சாட்சியாகவும் கொள்ளலாம். அத்தனைக்குப் பிறகும் 1934 வரை ஆலனை அவர் கைவிடவில்லை என்பதை ஆதரவான சாட்சியாகவும் கொள்ளலாம். வள்ளுவரிடம் ஊழ் என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது, ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது. இரண்டில் ஒன்றை அவர் நீக்கிவிடவில்லை.

வீடே நூலகமான கதை

வ.உ.சி.க்குப் பின் இருபதாண்டுகளில் வார இதழ்கள் வீட்டு வாசிப்பை மாற்றின. கல்கி இதழில் தொடராக வந்த ராஜாஜியின் பாரதக் கதைகள் 'வியாசர் விருந்து' ஆயின. இராமாயணத்தை எளிய உரைநடையில் சொன்ன 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ராகம் போட்டுக் கேட்ட கதைகளை இப்போது அம்மாவும் பிள்ளைகளும் தனித்தனியே மௌனமாகப் படித்தார்கள். இதழ் யார் கைக்கு முதலில் போவது என்பதில்தான் சண்டை.

நூலகங்களின் நிலையும் மாறியது. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது; சொத்து வரியோடு நூலக வரி வாங்கி ஊர்தோறும் கிளை நூலகம் அமைக்க வழி செய்தது. இராஜபாளையத்தில் இதற்கு இணையாக ஒரு தனி மனிதரின் செயலும் உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா (1898–1957) தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். முதலமைச்சர் பதவியில் இருந்தவரின் வீடு ஊர்ப் பொதுவாகி, வாசிப்புக்கும் கலைகளுக்கும் இடமானது. அர்ச்சுனாபுரத்தில் சாத்தப்பட்ட கதவோடு இதை ஒப்பிடத் தோன்றினால் அது இயல்பே.

மு. வரதராசனார் (1912–1974) இக்காலத்தில் செய்த ஒரு சிறு மாற்றம் பெரிதும் பலித்தது. அறிவுரையைக் கடிதமாக எழுதினார். 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்று 1950-ஐ ஒட்டி வந்த அந்த நூல்களில் பேசுபவர் ஆசான் அல்லர், வீட்டில் ஒருவர். தனி மனிதரின் மனத்தையும் உறவையும் மொழிப்பற்றையும் ஒரே கடிதத்தில் பேச முடிந்தது. ஆலன் பிரித்துவிட்ட குடும்பத்தை மு.வ. மீண்டும் சேர்த்தார். அவருடைய கையடக்கத் திருக்குறள் தெளிவுரை பள்ளிப் பரிசாகவும் திருமண அன்பளிப்பாகவும் போகாத ஊர் இல்லை. காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகிய பிறகு, படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை படித்துக் காட்டுவது பல வீடுகளில் நடந்தது. கேட்கும் வழக்கம் அதனால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உயிர் வாழ்ந்தது.

பிறகு வந்தவர்கள் தனி வாசகருக்கே எழுதினார்கள். தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் 'எண்ணமே வாழ்வு', 'கவலைப்படாதே' முதலிய நூல்களால் வேலை தேடும் இளைஞர்களைச் சென்றடைந்தார். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' அடுத்த தலைமுறையின் நூல். 1988-இல் வந்த 'உன்னால் முடியும் தம்பி' திரைப்படத்தின் நாயகனுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. உதயமூர்த்தியிடம் ஒரு நல்ல மாறுதல் உண்டு. தனி முயற்சியோடு நின்றுவிடாமல், மக்கள் சக்தி இயக்கம் என்று கூட்டு முயற்சிக்கும் போனார். இன்று விற்கும் பல மொழிபெயர்ப்பு நூல்களில் அந்தப் பகுதி காணாமல் போய்விட்டது. பஞ்சமும் இல்லை, அண்ணியும் இல்லை, அரசும் இல்லை, வாசகரும் அவருடைய இலக்கும் மட்டுமே மிச்சம்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மாவட்டந்தோறும் நடந்தபோது, புதிதாக எழுத்துக் கற்ற பெரியவர்களுக்காகச் சிறு கதைப் புத்தகங்கள் அச்சிடப்பட்டன. வயதான பெண்கள் கூடி அமர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக, அவையும் பெரிய எழுத்தில்தான் வந்தன.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்ததும் நூல் பொதுவுடைமையாகிறது. 1936-இல் மறைந்த வ.உ.சி.யின் நூல்கள் அவ்வாறு பொதுவாகிவிட்டதால் 'மனம் போல வாழ்வு' பல பதிப்புகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நல்லதங்காள் கதையும் பழைய புத்தகக் கடைகளில் அகப்படும். இரண்டும் ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான். மாணவர்கள் முதலில் நல்லதங்காளைப் படித்துவிட்டு ஆலனுக்குப் போவது நல்லது; சூழ்நிலையைப் பற்றிய இரண்டாம் இயல் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் அப்போது கையில் தயாராக இருக்கும்.